நூரளைக்குப் போகும் வழி

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், மோதரகம் ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே முள்ளிக்குளம் இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு. மேற்கே, கடலடியில், ஒரு காலத்தில் முத்துச்சிப்பி விளைந்த பார்கள். அவற்றுள் ஒன்றுக்கு மோதரகம் பார் என்றே பெயர். அயலில் மறிச்சுக்கட்டி, வடக்கே போகப் போகக் கொண்டச்சி, சிலாபத்துறை, அரிப்பு. மட்டமான நிலம். மழையையும் குளத்தையும் நம்பிய வயல், காற்றையும் வலையையும் நம்பிய கடற்றொழில். இந்த வட்டாரத்தில் மலை என்று பெயர் தாங்கி நிற்பது குதிரைமலை. அதுவும் கடலுக்குள் மூக்கை நீட்டிய செம்மண் மேடுதான். இப்படிப்பட்ட கரையில் நின்றுகொண்டு, ஆறாயிரம் அடிக்கு மேலே பனி மூடிக் கிடக்கும் நுவரெலியாவைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வலிந்து செய்யும் வேலையாகப் படலாம். மலையகத்தார் நூரளை என்று சொல்லும் அந்த நகரத்தின் வரலாறு இந்தக் கரையில்தான் தொடங்குகிறது என்பது என் வாதம். நகரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வழியின் கடைசி மைல்களை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்புகிறார்கள்.

நுவரெலியாவுக்கென்று ஒரு வழக்கமான கதை உண்டு. கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817, 1818இல் எழுந்த ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1819இல், இராணுவ மருத்துவர் ஜான் டேவி இந்தச் சமவெளிக்கு வந்து அதன் குளிர்ச்சியைப் பற்றி எழுதினார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் கடைசியில் அங்கே தமக்கொரு மாளிகை கட்டினார். நோயுற்ற படையினர் உடல் தேறுவதற்கான இடமாக 1829இல் ஊர் உருப்பெற்றது. பின்னர் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியானவர்களையும் மாடுகளையும் ஆடுகளையும் வேட்டை நாய்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அங்கு நட்டுவிட முயன்றார். ஆளுநர் வில்லியம் கிரெகரி 1873இல் சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். 1876இல் ஹில் கிளப், 1885இல் நானுஓயா வரை ரயில், கூடவே குதிரைப் பந்தயம், கோல்ஃப் மைதானம், செங்கல் நிறத் தபாலகம், விக்டோரியா பூங்கா. சித்திரை மாதம் வந்தால் இன்றும் இந்தக் கதையைக் காண்பதற்கென்றே கொழும்பிலிருந்து வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதில் வினை செய்கிறவர்கள் எல்லாரும் பெயருள்ளவர்கள். கட்டினார், அமைத்தார், நட்டார் என்றே வாக்கியங்கள் முடிகின்றன. ஒரு காட்டுச் சமவெளியில் கல்லைத் தூக்கியவர் யார், பாதையை வெட்டியவர் யார், அவர்கள் எங்கிருந்து எப்படி அங்கே வந்தார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கதைக்குள் இடமே விடப்படவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டால் முதலில் எதிர்ப்படுவது பாதைகள். கண்டியை வென்றவர்களுக்கு அதைக் கட்டிக் காப்பதற்குப் பாதை வேண்டியிருந்தது. பார்ன்ஸ் காலத்தில் தொடக்கத்தில் சிங்களக் குடிமக்களின் இராசகாரிய ஊழியத்தைக் கொண்டும், தென்னிந்தியாவில் திரட்டிய தமிழர்களாலான பயனியர் படையைக் கொண்டும் பாதைகள் வெட்டப்பட்டன. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதே பத்தாண்டில் கோப்பிப் பயிர் மலைச்சரிவெங்கும் பரவியது. காணியைக் குறைந்த விலைக்கு வாங்கிய துரைமாருக்குக் கைகள் தேவைப்பட்டன. கண்டியச் சிங்கள விவசாயி தன் வயலை விட்டுவிட்டுக் கூலிக்கு மலையேற விரும்பவில்லை. அவர் சோம்பேறி என்று துரைமார் எழுதியது தங்களுக்கு வேண்டிய வேலையை அவர் செய்யாததால்தான். ஆகவே கைகள் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்தன: திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம், தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, வறட்சியும் நிலவரியும் சாதி அடிமைத்தனமும் சேர்ந்து வாழ முடியாமல் செய்த குடும்பங்களிலிருந்து. நுவரெலியா அதுவரை சிறிய ஆரோக்கியத் தலமாகவே இருந்தது. அதைச் சுற்றியிருந்த சரிவுகளில் கோப்பியும், பின்னர் தேயிலையும் ஏறிய பிறகே கிளப்பும் ஏரியும் ரயிலும் வந்தன. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இது தெரியும்: 1829க்கும் 1870க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் ஊர் கண்ட வளர்ச்சி அதன்பின் வந்த இருபது ஆண்டுகளுக்கு ஈடாகாது.

அவர்கள் வந்த வழி மன்னார் வழி. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், இராமேஸ்வரம் போன்ற துறைகளில் தோணியேறித் தலைமன்னார்ப் பக்கத்திலோ, தெற்கே அரிப்புக் கரையிலோ இறங்கி, அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடை. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். மாத்தளையிலிருந்து கண்டி வழியாக நூரளைக்கு மேலும் அறுபது மைல் போல, அதுவும் ஏற்றத்தில். முன்னால் ஆள் திரட்டிய கங்காணி, பின்னால் அவன் ஊர்க்காரர்களும் உறவினரும். கங்காணி கொடுத்த முன்பணம், தோணிக் கூலி, வழியில் கிடைத்த அரிசி எல்லாம் நடக்கிறவர் பெயரில் கடனாக எழுதப்பட்டன. தோட்டத்தில் முதல் கூலியை எண்ணுவதற்கு முன்பே அவர் கடன்காரர். இந்த வழியைத் தெரிந்தெடுத்த காரணத்தை ஆராய்ந்தால் அதன் இயல்பு விளங்கும். கொழும்புக்குக் கப்பல் விட்டிருக்கலாம். அதற்குப் பணம் வேண்டும், கப்பலில் ஏற்றியவனுக்குப் பொறுப்பும் வேண்டும். நடக்கிறவனுக்குச் செலவு அவன் கால்தான். வன்னிக் காட்டினூடாகப் போகும் அந்த நடைக்குச் செலவாகக்கூடியது அவன் உயிர் மட்டுமே; அந்தச் செலவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

இதே கரைக்கு எதிர்த்திசையில் நடந்துவந்த ஒருவரின் கதை ஆங்கிலம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். றொபேர்ட் நொக்ஸ் 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் கைதியாக வாழ்ந்தார். 1679இல் ஒரு தோழனோடு தப்பி, அருவியாற்றின் கரையைப் பற்றிக்கொண்டே காட்டுக்குள் நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். லண்டனில் 1681இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. ஒரு மனிதர் மலையிலிருந்து கடலுக்கு ஒருமுறை நடந்தது இலங்கை வரலாற்றின் அடிப்படை நூல்களுள் ஒன்றானது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இலட்சக்கணக்கானோர் அதே காட்டு வெளியில் கடலிலிருந்து மலைக்கு நடந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடத் தம் நடையை எழுதிவைக்க வாய்க்கவில்லை. நாட்டுப்பாடல்களில் கண்டிச்சீமை என்ற பெயரும், கப்பலேறியவனைத் தேடும் தாயின் குரலும் தங்கியிருக்கின்றன. சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்திராவிட்டால் அவையும் போயிருக்கும். நொக்ஸுக்குக் கிடைத்த பெருமையைக் குறைத்துச் சொல்ல இதை எடுக்கவில்லை. அவர் கடந்த வெளி எவ்வளவு கொடியது என்பதற்கு அவரே சாட்சி. அதே வெளியைப் பிள்ளையைத் தோளில் சுமந்து, வயிற்றில் ஒன்றும் இல்லாமல் கடந்தவர்களைப் பற்றி நாம் ஊகித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில்தான் வாதம் சூடாகும். 1840களில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டார்கள் என்று அக்காலத்தில் வெளிவந்த கொழும்பு ஒப்சேர்வர் இதழ் 1849இல் மதிப்பிட்டது. வந்தவர்களில் நாலிலொரு பங்கு என்பது அதன் கணக்கு. டொனோவன் மோல்ட்றிச் 1989இல் எழுதிய ஆய்வு இந்தக் கொடுமையைப் பொதுக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. மறுதரப்பில் சில வரலாற்றாசிரியர்கள் இந்த எண் மிகைப்பட்டது என்கிறார்கள். அவர்களின் வாதத்தை ஒதுக்க முடியாது. வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்து, எஞ்சியதில் தோட்டத்தில் இருப்பவர்களையும் கழித்து மிச்சத்தை இறப்பாகக் கொள்வது ஆபத்தான கணக்கு. திரும்பியவர்களில் பலர் எண்ணப்படாமலே தோணியேறியிருக்கலாம். ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வந்து போயிருக்கலாம். கோப்பி பருவப் பயிர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியோர் ஏராளம். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு செய்தி அசையாமல் நிற்கிறது: ஒரு நாட்டின் முதன்மைத் தொழிலுக்கு ஆண்டுதோறும் பல பத்தாயிரம் பேர் ஒரே வழியால் நடந்து வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்ல எவரிடமும் ஏடு இல்லை. ஏற்றுமதியான கோப்பி அந்தர் கணக்கில் துல்லியமாகப் பதியப்பட்டிருக்கிறது. வாந்திபேதியும் அம்மையும் கண்டு, நடக்க முடியாமல் வழியில் விடப்பட்டவர்களைப் பற்றி அதிகாரிகளும் பயணிகளும் எழுதியவை உண்டு. கிணறுகளும் தங்குகொட்டில்களும் மருந்துக்கொட்டில்களும் பின்னர் கட்டப்பட்டன என்பதே அவை முன்பு இல்லாததற்குச் சான்று. எண்ணிக்கை எழுபதாயிரமா, அதில் பாதியா என்ற விவாதம் தொடரலாம். அந்த விவாதமே எண்ணப்படாத மனிதர்களின் வரலாறு.

முள்ளிக்குளக் கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைநகரத்துக்கு முன்பே ஆளுநர்கள் தேடிவந்த இடம் இது. சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு; சிலாபத்துறையின் பெயரே அதிலிருந்து வந்தது. மாசி, பங்குனியில் கடல் அடங்கியதும் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் சிலாபம் அறிவிப்பார்கள். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா என்று எங்கெங்கிருந்தோ குளிகாரரும் சம்மாட்டிமாரும் வியாபாரிகளும் வந்து குவிய, வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு நகரம் எழும்பும். ஆங்கிலேய ஆட்சியின் முதல் ஆண்டுகளில் அரசின் கருவூலத்தை நிரப்பியது இந்தக் கரைதான். அதை நேரில் நின்று கண்காணிக்க ஆளுநர் பிரெட்றிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையே அரிப்பில் கடலோரமாக, கிரேக்கத் தூண்களின் பாணியில், செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஒரு மாளிகை எழுப்பினார். ஆங்கிலேயர் அதை டோரிக் என்றார்கள்; ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். இந்தக் கரையில் ஆண்ட பெண்ணரசியின் கதை ஆளுநரின் கட்டடத்தையே தனதாக்கிக்கொண்டது. பின்னர் 1837க்குப் பிறகு பார்களில் சிப்பி அற்றுப்போனது; 1855 வரை சிலாபமே நடக்கவில்லை. அந்தப் பதினேழு ஆண்டுகள்தாம் மலையில் கோப்பி வெறிகொண்டு பரவிய காலம். அரசின் கண் கடலிலிருந்து மலைக்குத் திரும்பியது. முத்து வியாபாரிகள் வந்திறங்கிய கரை, கூலியாட்கள் இறங்கிக் கடந்துபோகும் கரையானது.

சிலாப நகரத்தையும் நூரளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இரண்டும் பருவ நகரங்கள். இரண்டும் ஏறத்தாழ ஆண்டின் அதே மாதங்களில் நிரம்பியவை. இரண்டிலும் வெள்ளை அதிகாரி நடுநாயகமாக இருந்தார். 1905ஆம் ஆண்டுச் சிலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன; மறிச்சுக்கட்டியில் அதற்கென எழுந்த பாளையத்தில் தெருக்களும் கடைகளும் நீதிமன்றமும் இருந்தன. அடுத்த ஆண்டு அங்கே பணியாற்றிய இளம் அதிகாரிகளில் ஒருவர், பின்னர் எழுத்தாளரான லெனார்ட் வூல்ஃப். அந்த நகரத்தின் சுவடு ஒன்றுகூட இன்று மண்மேல் இல்லை. 1906இல் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளில் அந்தக் கம்பனியும் முடிந்தது. ஒரு பருவ நகரம் மணலோடு போனதற்கும் மற்றொன்று கல்லாய் நிலைத்ததற்கும் தட்பவெப்பம் மட்டும் காரணமல்ல. குளிகாரருக்கு எடுத்த சிப்பியில் பங்கு உண்டு. பங்கை விற்றுக் காசாக்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போய்விடுவார். அவரை அங்கேயே கட்டிவைக்க எந்தத் தேவையும் இருக்கவில்லை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, வந்துபோன மக்கள், லயம் என்ற வரிசைக் குடியிருப்புக்குள் நிலைகொண்ட மக்களானார்கள். துண்டு என்ற கடன்சீட்டு முறை அவர்களின் கடனைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கூடவே அனுப்பியது. போக முடியாதவர்கள் இருந்த இடத்தில்தான் நகரம் நிலைத்தது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம்: நகரம் வேறு, தோட்டம் வேறு, நூரளை தோட்டத்துக்காக உருவாகவில்லை, நோயாளிகளுக்காகவும் ஓய்வுக்காகவும் உருவானது, தோட்டத்தின் துயரத்தை நகரத்தின் மேல் ஏற்றுவது நியாயமா? தோற்றத்தைப் பொறுத்தவரை இது சரி. பார்ன்ஸ் மாளிகை கட்டிய நாளில் சுற்றியிருந்த சரிவுகள் காடுதான். ஆனால் ஒரு நகரத்தின் வரலாறு அதன் முதற்கல்லோடு முடிவதில்லை. பேக்கரின் ஆங்கிலக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல எழுத்தாளர், தம் தோல்விகளை மறைக்காதவர். கொண்டுவந்த மாடுகள் சாவதையும், விளைச்சல் பொய்ப்பதையும், இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் சோர்ந்துபோவதையும் அவரே எழுதினார். நிலத்தைத் திருத்திய வேலை இந்நாட்டுக் கைகளால் நடந்தது என்பதும் அவர் எழுத்திலேயே இருக்கிறது. தூய ஆங்கிலக் குடியேற்றமாக நூரளையால் ஒருநாளும் நிற்க முடியவில்லை. அது நின்றது துரைமாரின் பணத்தில். துரைமாரின் பணம் கொழுந்துக் கூடையிலிருந்து வந்தது. ஹில் கிளப்பின் உறுப்பினர்கள் தோட்டத் துரைமார். நானுஓயா வரை ரயிலை இழுத்தது கோப்பியும் தேயிலையும். விருந்தினர் பனியில் கதகதப்பாக இருப்பதற்கு விறகு சுமந்தவரும், பங்களாவில் ஆயாவாகவும் அப்புவாகவும் நின்றவரும், காய்கறித் தோட்டத்தில் கோவாவும் லீக்சும் நட்டவரும் லயத்திலிருந்து வந்தார்கள். மாவட்டத்தின் மக்கள் தொகையில் ஏறத்தாழ பாதி இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள். நகரத்தையும் தோட்டத்தையும் பிரித்துப் பார்ப்பது ஹில் கிளப்பின் கண்ணால் பார்ப்பது. அந்தக் கிளப் நெடுங்காலம் வெள்ளையரைத் தவிர வேறெவரையும் உறுப்பினராக ஏற்கவில்லை.

இன்னொரு தடை வழியைப் பற்றியது. எல்லாரும் மன்னாரால் வரவில்லையே என்பார்கள். உண்மைதான். கொழும்புக்குத் தோணியிலும் கப்பலிலும் வந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலும் தென்னிந்தியாவிலும் பிளேக் பரவிய அச்சத்தால் மன்னார் வழியான வடபாதை மூடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வந்து றாகமையில் தடுத்துவைக்கப்படும் முறை வந்தது. தோட்ட எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பயணம் செய்யும் தகரத் துண்டு முறை அந்தக் காலத்தது. ஆனால் மன்னார் நெடுநாள் மூடிக் கிடக்கவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், தலைமன்னாரிலிருந்து மதவாச்சிக்கு ரயிலும் ஓடத் தொடங்கின. சில ஆண்டுகளில் இந்தியக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரில் முகாம் வந்தது. அங்கே மருந்து தெளித்து, அம்மை குத்தி, எண் போட்டு அனுப்பினார்கள். மன்னார், முருங்கன், மடுறோட், செட்டிகுளம், மதவாச்சி என்று அந்த ரயில்பாதை போகும் திசை, முந்தைய நடைவழி போன திசையேதான். முன்பு வாரக்கணக்கில் நடந்த தூரத்தை ஓரிரவில் கடந்து, அட்டனிலோ நானுஓயாவிலோ இறங்கினார்கள். ஆகவே 1830களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இடையில் பதினைந்து ஆண்டுகளைத் தவிர, மலையகத்தின் முதன்மை வாசல் மன்னார் என்பது நிற்கிறது.

நான் அதிகம் மதிக்கும் மறுப்பு மன்னார்ப் பக்கத்திலிருந்து வரக்கூடியது. முள்ளிக்குளமும் சிலாபத்துறையும் அடங்கிய முசலிக் கரைக்கென்று தனி வரலாறு இருக்க, அதை மலைநகரத்தின் முன்வாசலாகச் சுருக்குவது ஏன் என்று ஒருவர் கேட்கலாம். 1544இல் மன்னாரில் யாழ்ப்பாண அரசனின் படையால் கொல்லப்பட்ட கத்தோலிக்கரின் நினைவு, முத்தும் சங்கும் எடுத்த குளிகாரர், குளங்களின் கீழ் வயல் செய்த தமிழரும் முஸ்லிம்களும், குதிரைமலையைப் பழைய கிரேக்க, உரோம எழுத்துகளோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் என்று அது தானே ஒரு முழு வரலாறு. கடந்துபோனவர்கள் இந்தக் கரைக்கு அன்பை மட்டும் கொண்டுவரவில்லை, நோயையும் கொண்டுவந்தார்கள். வழியோரத்து மக்கள் அவர்களுக்கு அஞ்சி ஒதுங்கியதற்குக் காரணம் இருந்தது. வாந்திபேதி வழியோடு நின்றுவிடுவதில்லை. இந்தக் கேள்விக்கு என் விடை, சுருக்கக்கூடாது என்பதே. ஆனால் இரண்டு வரலாறுகள் ஒரே மண்ணில் கிடக்கும்போது ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்கத் தேவையில்லை. மன்னார்க் கரையார் தங்கள் நிலத்திலிருந்து பெயர்க்கப்படுவது என்னவென்று மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள். முசலியின் முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். முள்ளிக்குளத்தின் கத்தோலிக்கத் தமிழர்கள் 2007இல் போரால் வெளியேறினார்கள். ஊர் கடற்படைத் தளமானது. பல ஆண்டுகள் அயற்காட்டில் கொட்டிலடித்து இருந்து, தொடர்ந்து போராடிய பிறகு, 2017 ஏப்ரலில் நூறு ஏக்கர் விடுவிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நிலத்தின் மேல் உரிமை இருந்தவர்கள் அதற்குள் போக முடியாமல் இருந்த ஊரும், நிலத்தைப் பொன்னாக்கியவர்களுக்கு இருநூறு ஆண்டுகளாகக் காணியுரிமை மறுக்கப்பட்ட மலையும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ள நிறைய இருக்கிறது.

எதைப் பேணுகிறோம் என்பதிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. பார்ன்ஸின் மாளிகை கிராண்ட் ஹோட்டலாகி வெள்ளையடிக்கப்பட்டு நிற்கிறது. நூரளைத் தபாலகத்தை விற்கும் பேச்சு எழுந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அரிப்பில் நோர்த்தின் மாளிகை கடலரிப்பில் துண்டு துண்டாகக் கீழே விழுந்துகொண்டிருக்கிறது. செங்கற்கள் அலையில் உருண்டு மணலாகின்றன. ஆளுநரின் மாளிகைக்கே இந்த நிலை என்றால், காட்டுவழியில் விடப்பட்டவர்களுக்கு அடையாளம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. பழைய வழியைப் பற்றி நூல்கள் எழுதத் தவறியதை அந்தக் கால்கள் எழுதின என்றே நான் கருதுகிறேன். அந்த வழியில் ஓரிடத்திலாவது, அரசின் செலவில், சுற்றுலா வரைபடத்தில் ஏறும்படியான ஒரு நினைவிடம் இருக்க வேண்டும். நூரளைக்கு வழிகாட்டும் புத்தகங்கள் அதை முதற்பக்கத்தில் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அந்த வழியின் கதை ஏறியதோடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் ஏறத்தாழ பத்து இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை அடுத்த பேச்சுக்கு ஒத்திவைத்தது. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடியது. மலையகத்தார் ரயிலைக் கோச்சி என்பார்கள். நூரளைச் சரிவுகளிலிருந்து திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது; நிலையங்களில் நின்றவர்களின் அழுகை வண்டியின் ஓசைக்கு மேலே கேட்டதால் வந்த பெயர். பாட்டன் இறங்கி நடந்த கரையில் பேரப்பிள்ளைகள் கப்பலேறினார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் போனார்கள். மறுகரையில் அவர்களை ஏற்றது அதே மண்டபம் முகாம். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் ஒரு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் டான்டீ என்று பெயர்பெற்ற அந்தக் கழகத்தின் தோட்டங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் விரிந்தன. நூரளையில் டேவி ஏறிய அதே 1819ஆம் ஆண்டில் ஜான் சலிவன் ஏறிய மலை அது. அவர் அங்கே தொடங்கிய ஊட்டியும் ஆளுநர்கள் வெயிலுக்குத் தப்பி வாழ்ந்த ஊர்தான். அங்கும் லயம், அங்கும் கொழுந்துக் கூடை. உள்ளூரார் அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர் வைத்தார்கள்.